நூறு என்று எழுதியிருந்த டயர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து, ஈர மண்ணில் வண்டி சிக்கி முன்னும் பின்னும் இழுத்த தடம் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. எழுத்துப் பிழைக்கும் பஞ்சம் இருக்காது. ல, ள, ழ மூன்றில் எது என்று சந்தேகம் வந்தால் நடுவில் உள்ளதைப் போட்டுவிடுவேன். (சண்டைக்குப் போகாத எழுத்து அதுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு.)

எனக்குக் கூச்சம் அதிகம். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே ரெண்டு தடவை தொண்டையைச் செருமுவேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் கூச்சம். இந்த ரெண்டாவது கூச்சம்தான் என் கல்யாணத்தைச் சாப்பிட்டது.

ரெண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் ஊர். சொந்தமாக ஒரு பழைய ஜீப் வைத்திருந்தேன். பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போவதுதான் தொழில். பஸ் வரும் ரோட்டில், எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கினால், ஊருக்கு நாலு கிலோமீட்டர் காட்டுப் பாதை. கரிசல், சரளை, நடுவில் ஒரு ஓடை. மழை பெய்தால் ஜீப்பைத் தவிர எதுவும் போகாது. மழை பெய்யாவிட்டாலும் ஜீப்பைத் தவிர எதுவும் போகாது.

அப்பா அம்மா இல்லாத எனக்கு அக்காதான் எல்லாம். பெயர் வேலம்மா. ஆனைக்குட்டத்தில் ஒரு சம்பந்தம் பேசி முடிக்கிற கட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். பெண்ணின் போட்டோ வந்தது. நான் அதைப் பகலில் ஒருதரம், வெளிச்சம் நன்றாக இல்லையோ என்று மறுபடி ஒருதரம், பிறகு காரணமே இல்லாமல் பலதரம் பார்த்தேன். பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வீடு பார்க்க வருகிறவர்கள் சம்பந்தம் பிடிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். பிடித்துவிட்டால் இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை நனைப்பது என்போம். கை நனைத்தால் கல்யாணம் உறுதி. நனைக்காமல் எழுந்தால் அதோடு சரி.

"ஏலே, அவுக கையை நனைக்க வைக்கிறது என் பொறுப்பு. விலக்குல இருந்து அவுகளை அலுங்காம வீட்டுல கொண்டுவந்து சேக்கிறது உன் பொறுப்பு" என்றாள் அக்கா. "அந்த மொட்டை டயரை மாத்து மொதல்ல."

சனிக்கிழமை விருதுநகர் போனேன். டயர் கடை பாய் அன்பானவர்.

"வாங்க தம்பி. என்ன வண்டி?"

"ஜீப்பு."

"ரோட்டுல ஓடுதா, காட்டுலயா?"

"காட்டுல."

"எம்புட்டு ஆள் ஏத்துவீங்க?"

பதினாலு பேர் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "ஏத்துவேன்" என்றேன்.

பாய் சிரித்துவிட்டு ரெண்டு டயரை உருட்டி வந்து நிறுத்தினார். "ரெண்டும் ஒரே சைஸுதான். ஆனா லோடு நம்பரைப் பாக்கணும். பழைய டயர்ல எத்தனை பிளை, எத்தனை அடுக்குன்னு பாத்து வாங்குவோம். இதெல்லாம் ரேடியல். சைஸை ஒட்டி எழுதியிருக்கு பாருங்க. இது தொண்ணூத்தேழு. இது நூறு. நீங்க ஆள் ஏத்தி கல்லுலயும் மேட்டுலயும் போறவுக. கொறஞ்ச நம்பரை மாட்டிட்டு லோடைப் போட்டீங்கன்னா டயர் சூடாகி வெடிச்சிரும். நான் சொல்றது விளங்குதா?"

விளங்கவில்லை. "விளங்குது" என்றேன். நூறு தொண்ணூற்றேழைவிடப் பெரிது என்கிற அளவுக்கு எனக்கும் கணக்குத் தெரியும். நூறையே நாலு வாங்கி மாட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, புது டயரைத் தடவிப் பார்த்தபோதுதான் அந்த நூறு என்னை முறைத்தது.

இந்த இடத்தில் என் மூளை எப்படி வேலை செய்தது என்று சொல்லியாக வேண்டும். ஜீப் வாங்குவதற்கு முன்னால் பத்து வருஷம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து எடை போடுகிற வேலை பார்த்தவன் நான். அங்கே ஒவ்வொரு ரூம் சுவரிலும் பெயிண்டில் நம்பர் எழுதியிருக்கும். இந்த ரூமில் இத்தனை ஆள், இத்தனை கிலோ மருந்து. நாலு என்றால் நாலு பேர்தான். அதற்கு மேல் ஒரு ஆள் உள்ளே போனால், ஒரு கிலோ கூடினால், வெடிக்கும். (நாலு ஆள் ரூமில் ஆறு பேர் உட்கார்ந்திருந்த ஒரு நாளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இது சிரிப்பதற்காக எழுதுவது.) எங்கள் பக்கத்து ஆளுக்கு எதன் மேலாவது ஒரு நம்பரைப் பார்த்தால், அதைத் தாண்டக்கூடாது என்றுதான் முதலில் தோன்றும்.

ஆகவே, நூறு என்றால் நூறு கிலோ. நாலு டயருக்கு நானூறு. தாண்டினால் வெடிக்கும். பாயே சொல்லிவிட்டார்.

பழைய டயரில் தினம் பதினாலு பேரை எப்படி ஏற்றினாய் என்று கேட்பீர்கள். பழைய டயரில் நம்பர் தேய்ந்து போயிருந்தது. அதனால் பயமும் இல்லாமல் இருந்தது. ஜீப்பின் சொந்த எடை என்ன ஆனது என்றும் கேட்பீர்கள். அதை அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் நான் இன்று பிள்ளைகுட்டிகளோடு இருந்திருப்பேன்.

வீட்டுக்குள் அக்கா வடைக்கு உளுந்து அளந்துகொண்டிருந்தாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். பாய்க்குப் போன் போட்டிருக்கலாம். கூச்சப்படுகிறவன் இப்படிப்பட்ட நேரத்தில் யாரையும் கேட்க மாட்டான். ரகசியமாக ஒரு திட்டம் போடுவான். வருகிறவர்கள் ஏழு பேர். எடையைக் கேட்க முடியாது. போட்டுப் பார்த்துவிடலாம்.

ஞாயிறு காலையில், பிரஸ்களில் கழிந்த பேப்பரை வாங்குகிற எங்கள் ஊர்க்காரர் வீட்டில், ஆள் ஏறி நிற்கிற மாதிரியான மேடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி ஜீப்பில் ஏற்றினேன். தராசே பதினெட்டு கிலோ. அதைக் கழித்தேன். நான் ஐம்பத்து நாலு. கழித்தேன். டீசலுக்கு உத்தேசமாகப் பத்து. மீதி முந்நூற்றுப் பதினெட்டு. கணக்கில் இத்தனை கவனமாக என் வாழ்நாளில் நான் இருந்ததில்லை.

விலக்கில் பஸ் வந்து நின்றது. பெண்ணின் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அத்தை, பெரியம்மா என்று ஆறு பேர் இறங்கினார்கள். பெண்ணின் தாய்மாமா லாரி டிரைவர். லோடு இறக்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொன்னார்கள். பெரியம்மாவைத்தான் முதலில் கும்பிட வேண்டும் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். நல்ல ஆகிருதி. பட்டுச்சேலை. கையில் வாழைப்பழமும் தேங்காயும் நிறைந்த தாம்பாளம்.

நான் கும்பிட்டேன். பிறகு ஜீப்பிலிருந்து தராசை இறக்கி டீக்கடைக்கு முன்னால் வைத்தேன்.

"என்ன மாப்ள, ஏறுறதுக்குப் படிக்கட்டா?" என்றார் பெண்ணின் அப்பா. சாதுவான மனுஷர்.

"ஒவ்வொருத்தரா அதுல ஏறி நில்லுங்க" என்றேன், தராசைப் பார்த்துக்கொண்டே.

"எதுக்கு?"

"டயரு புதுசு."

அது அவருக்கு ஒரு காரணமாகப் பட்டிருக்காது. ஆனாலும் மாப்பிள்ளை சொல்கிறாரே என்று செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி சன்னதியில் ஏறுகிற மாதிரி ஏறி நின்றார்.

இங்கேதான் இன்னொன்று நடந்தது. கூச்சத்தில் வாய் திறக்காத நான், கம்பெனியில் ஒன்றை மட்டும் சத்தமாகச் செய்வேன். எடை கூப்பிடுவது. எழுதுகிறவர் தூரத்தில் இருப்பார், அவருக்குக் கேட்க வேண்டும். பத்து வருஷப் பழக்கம். முள் நின்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அறுபத்தி ரெண்டு!"

டீக்கடையில் இருந்தவர்கள் கண்ணாடி டம்ளரோடு வெளியே வந்தார்கள்.

"அம்பத்தி அஞ்சு!" இது பெண்ணின் அம்மா. "எழுவது!" சித்தப்பா. "அறுவத்தி நாலு!" சித்தி. அவர் இறங்கும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "அம்பத்தி எட்டு!" அத்தை.

"கூட்டுனா முந்நூத்தி ஒம்பதுய்யா" என்று டீக்கடை பெஞ்சிலிருந்து யாரோ உதவி செய்தார்கள்.

அடுத்து பெரியம்மா. அவர் நகரவில்லை.

"என்னைய என்ன, பருத்தி மூட்டைன்னு நெனைச்சீகளா?"

"இல்ல பெரியம்மா. லோடு கூடுனா டயரு வெடிச்சிரும்."

"நான் ஏறுனா வெடிச்சிருமா?"

"இன்னும் பாக்கலை. பாத்தாத்தான் தெரியும்."

பெரியம்மா தாம்பாளத்தைத் தங்கச்சியிடம் கொடுத்தார். விறுவிறு என்று வந்து தராசின் மேல் ஏறி நின்று என்னையே பார்த்தார். முள் சுற்றியது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டுவிட்டேன்.

"தொண்ணூத்தி ஆறே கால்!"

அந்தக் காலையாவது விட்டிருக்கலாம் என்று அக்கா இன்றுவரை சொல்வாள்.

டீக்கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் கணக்கில் மூழ்கியிருந்தேன். அஞ்சு பேர் முந்நூற்று ஒன்பது. எல்லை முந்நூற்றுப் பதினெட்டு. மீதி ஒன்பது கிலோ. பெரியம்மாவுக்குப் பத்தாது. தாம்பாளத்தை எடை போட்டேன். ஏழரை. ஏற்றிக்கொள்ளலாம். தராசையும் ஜீப்பில் திரும்ப வைத்தேன்.

"மதினி, கோவிச்சிக்கிடாதீங்க, மாப்ள ரெண்டாவது நடை வருவாரு" என்று பெண்ணின் அப்பா கெஞ்சினார். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்படியாக, வாழைப்பழம் ஜீப்பில் போனது. அந்த வீட்டுப் பெரிய மனுஷி விலக்கில் நின்றார்.

கல்லில் ஏறினால் வெடிக்குமோ என்று ஜீப்பை மெதுவாக உருட்டினேன். ஓடையில் அஞ்சு பேரையும் இறக்கி நடக்கவைத்து ஏற்றினேன். அக்கா ஆரத்தித் தட்டோடு வந்து எண்ணிப் பார்த்தாள். "பெரியம்மாவை எங்கலே?"

"அடுத்த நடை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

விலக்குவரை போக வேண்டியிருக்கவில்லை. பாதி வழியில் பெரியம்மா நடந்து வந்துகொண்டிருந்தார். வெயிலில், பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நான் ஜீப்பைத் திருப்பிப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஏறிக்கிடுங்க பெரியம்மா."

"நான் ஏறுனா வெடிச்சிரும்ல?"

"தனியா ஏறுனா வெடிக்காது."

உண்மையைத்தான் சொன்னேன். என் கணக்குப்படி அவர் தனியாக வந்தால் இருநூற்று இருபது கிலோவுக்கு மேல் மிச்சம் இருந்தது. அதையும் சொன்னேன். அவர் நடையை எட்டிப் போட்டார். மாப்பிள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போகவா முடியும்? பின்னாலேயே போனேன். முன்னால் பெரியம்மா நடக்கிறார். பின்னால் காலி ஜீப், முதல் கியரில், உறுமிக்கொண்டு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஆட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். பெரியம்மா நின்றால் நான் நிறுத்துவேன். அவர் நடந்தால் நான் நகர்வேன். சொல்வதற்கு ஏதாவது ஒரு வார்த்தை கிடைக்காதா என்று தேடினேன். கிடைத்ததெல்லாம் எண்களாக இருந்தன.

ஓடையில் இறங்குகிற இடத்தில் பின்னாலிருந்து ஒரு குரல். "யக்கா! என்னக்கா இது?" காக்கிச் சட்டையோடு தாய்மாமா. அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார். "ஜீப்பு சும்மா வருது, நீ நடந்து போறே?"

"நான் ஏறுனா டயரு வெடிச்சிருமாம்டா. தராசுல நிக்க வச்சு ஊருக்கே ஏலம் போட்டுட்டாரு ஒம் மருமகன்."

தாய்மாமா என்னைப் பார்த்தார். நான் குனிந்து டயரில் நூறைக் காட்டினேன். அவரும் குனிந்தார். நிமிரும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இது கிலோன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"லோடு நம்பருன்னு கடையில சொன்னாக."

"லோடு நம்பருதான். ஆனா அது அட்டவணை நம்பரு. ஒவ்வொரு நம்பருக்கும் இம்புட்டு எடைன்னு தனியா இருக்கு. நூறுன்னா எண்ணூறு கிலோ."

"நாலு டயருக்கும் சேத்தா?"

"ஒத்த டயருக்கு." அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்க சொல்ற கணக்குக்கு ஆளே ஏற வேணாமே மாப்ள. ஜீப்பே அதுமேல நிக்க முடியாதே. ஜீப்பு மட்டும் ஆயிரம் கிலோவுக்கு மேல இருக்கும்ல?"

நான் ஜீப்பைப் பார்த்தேன். அது நிம்மதியாக நின்றுகொண்டிருந்தது.

பெரியம்மா கேட்டார். "அப்ப நானும் அப்பவே ஏறியிருக்கலாமா?"

இந்த இடத்தில் தாய்மாமா ஆமாம் என்று மட்டும் சொல்லியிருந்தால், நடந்ததை நடக்காமல் தடுத்திருக்கலாம் என்று நான் நம்புகிறேன். ஆனால் லாரிக்காரர்களுக்கு வாய் நீளம். "நீயும் ஏறி, கூட ரெண்டு எருமையையும் ஏத்தியிருக்கலாம்க்கா" என்றார்.

பெரியம்மா அப்படியே திரும்பி விலக்கைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

தாய்மாமா அவர் பின்னால் ஓடிப் பேசிப் பார்த்தார். முடியாமல் திரும்பி வந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வீட்டுக்குப் போனோம். அஞ்சு பேரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இலை. வடை, பாயசம், ரெண்டு பொரியல். ஓரத்தில் தண்ணீர் டம்ளர்கள், தொடாதவை. தாய்மாமா பெண்ணின் அப்பா காதில் ஏதோ சொன்னார். அவர் மெல்ல எழுந்தார்.

"அண்ணே, சும்மா கையையாவது நனைச்சிட்டுப் போங்கண்ணே" என்றாள் அக்கா. அவள் கையில் சாதக் கரண்டி.

"பெரியவுக வெயில்ல நிக்கையில நான் எப்படித்தா கை நனைக்க? ஒங்க தம்பி நல்ல பையந்தான்" என்றார் அவர். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். "ஆனா கேக்காம கொள்ளாம அவுகளா ஒண்ணை முடிவு பண்ணிக்கிட்டு... நாளைக்கு எம் பொண்ணைப் பத்தியும் அப்படி ஒரு கணக்குப் போட்டா?" என்றார். நான் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

அஞ்சு பேரும் தாய்மாமாவும் ஏறினார்கள். தாம்பாளமும் ஏறியது. பாதி வழியில் பெரியம்மாவை மடக்கி, தம்பிக்காரர் கையைப் பிடித்துக் கெஞ்சி ஏற்றினார். என் பக்கத்தில், முன்சீட்டில். ஏழு பேர், நான், பழம், இறக்க மறந்துபோன தராசு. டயர் ஒரு விரற்கடைகூட அமுங்கவில்லை. சரளையில் ஏறியது, ஓடையில் இறங்கியது, புது மாப்பிள்ளை மாதிரி மிடுக்காக ஓடியது. விலக்கு வருவதற்குள் ஒரு டயராவது வெடித்துவிடாதா, நான் சொன்னதில் அணுவளவாவது உண்மை இருந்தது என்று ஆகிவிடாதா என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன். வெடிக்கவில்லை. அந்த டயர்கள் அதற்குப் பிறகு அஞ்சு வருஷம் உழைத்தன.

மறுவாரம் விருதுநகர் போனபோது டயர் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். நம்பருக்கு நேரே எடை போட்ட அட்டவணை சுவரில் தொங்கியது. போன தடவை நான் நின்ற இடத்துக்கு நேர் மேலே. "கேட்டிருக்கலாமே தம்பி, சொல்லியிருப்பேனே" என்றார் பாய். ஆமாம் என்றேன்.

அந்தப் பெண்ணைத் தை மாதம் காரியாபட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். எனக்கு வேறு சம்பந்தம் அமையவில்லை. அக்கா எங்கே பேச்சை எடுத்தாலும், தராசு எங்களுக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. "யாரு, ஆளை எடை போடுறவுகளா?" என்று கேட்டுவிட்டு, காபி மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு இப்போது ஐம்பது ஆகப் போகிறது.

மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், இந்தக் கதையைச் சொல்லாத விசேஷம் கிடையாது. வருஷத்துக்கு வருஷம் கதை வளர்ந்தது. பெரியம்மா நூற்று முப்பது கிலோ ஆனார். பிறகு ஒரு எருமை நிஜமாகவே வந்தது. கடைசியில், நான் கல்யாணப் பெண்ணையே தராசில் ஏற்றி, எடை கூடுதல் என்று வேண்டாம் சொன்னதாக முடிந்தது. எல்லோரும் அந்த இடத்தில்தான் அதிகம் சிரிப்பார்கள்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். இந்தத் தடவை நாங்கள் பெண் வீட்டார். அங்கேயும் மச்சான் கதையை ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதுவரை இறுக்கமாக இருந்த வீடு கலகலத்துவிட்டது. இலை போட்டார்கள்.

"ஏங்க, நெசமாவே பொண்ணைத் தராசுல நிக்க வச்சீகளா?" என்று மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கேட்டார்.

இல்லைங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்து இலையிலிருந்து அக்கா இடது கையால் என் தொடையைக் கிள்ளினாள். "சிரிச்சிக்கிட்டே ஆமான்னு சொல்லுலே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவள் வலது கை சோற்றில் இருந்தது. நனைத்துவிட்டாள்.

"ஆமாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்லபடியாக முடிந்தது.

ஆனால் அந்தப் பெண்ணை நான் எடை போடவில்லை. அன்றைக்கு அவள் வரவே இல்லை. அவளை நான் நேரில் பார்த்ததும் இல்லை. சபையில் இனிமேல் இதைச் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வைகாசி மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை.